மொதலாளியைக் கேக்கணும்

"ஒரே ஒரு நாளைக்குக் குடு, காளி. திங்கக்கெழம காலையில வாங்கிட்டுப் போறேன், சாயங்காலம் கொண்டாந்துடுறேன்லா."

"மொதலாளியக் கேக்கணும்ணே."

செல்லையா கேட்டது பணமில்லை, தன்னுடைய சொந்த ஐசி, அடையாளக் கார்டு. தேயிலை ஃபேக்டரியின் பின்சுவர் ஓரம், உள்ளே இலை காயும் சூடு வெளியே வரைக்கும் வரும். அங்கே நின்றுதான் கெஞ்சினார்.

காளியண்ணன் துணி மூட்டை சுமந்து, தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக விற்பவன். துணி சும்மா சாக்கு, வட்டிதான் தொழில். நூறு வெள்ளிக் கடன் கேட்டால் முதல் மாத வட்டி என்று இருபதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவான். தாளில் இருநூறு என்று எழுதிக் கையெழுத்து வாங்குவான். ஈடாக ஐசியை வாங்கிப் பிஸ்கட் தகரத்துக்குள் போட்டுக்கொள்வான். "நான் வெறும் ஆளுங்க, காசெல்லாம் மொதலாளியோடது" என்று கும்பிடும் போடுவான்.

அந்த முதலாளியை யாரும் பார்த்ததில்லை. தானா ராத்தா டவுனில் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே என்றார்கள் சிலர். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் தோட்டக்காரர் என்றார்கள் சிலர். செல்லையாவின் பக்கத்து வீட்டுக்காரி நான், இரண்டையும் நம்பினேன், இரண்டையும் பரப்பினேன்.

செல்லையா கடனில் விழுந்தது சீட்டாட்டத்தால். ஒரு சம்பள நாள் சாயங்காலத்துக்குள் பாதிச் சம்பளம் போய்விட்டது. மனைவி சரோஜா கையில் முழுதாக வைக்காவிட்டால் சோறு இறங்காது. காளியிடம் வாங்கி முழுதாக வைத்தார். "ஊட்டுக்குத் தெரியக்கூடாது" என்று அவனிடம் மாரியம்மன் மேல் சத்தியமும் வாங்கினார். அன்றிலிருந்து சிகரெட்டை விட்டு, கடைத் தேத்தண்ணியை விட்டு வட்டி கட்டுகிறார். அசல் அசையவில்லை. சரோஜாவோ அதற்குள் புதுத் தையல் மெஷினே வாங்கிவிட்டாள். "சிக்கனத்த அவகிட்டதான் கத்துக்கணும்" என்று மனிதருக்கு ஒரே பெருமை.

திங்கட்கிழமை அவருக்குத் தானா ராத்தாவில் குடியுரிமை நேர்காணல். வருஷக் கணக்காகக் காத்திருந்து வந்த கடிதம். அவருடையது சிவப்பு கார்டு, குடியுரிமை இல்லாதவருக்குத் தருவது. சிவப்பு கார்டுக்காரர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது. வேலை போனால் லயத்து வீடும் போகும். பெர்மிட் கிடைக்காமல் ராமையா குடும்பம் மூட்டை கட்டி இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்பட்டதை எல்லாரும் அழுதுகொண்டே பார்த்தோம். நேர்காணலுக்குக் கார்டு இல்லாமல் போனால் அடுத்த மூட்டை செல்லையாவுடையதுதான்.

வெள்ளிக்கிழமை காளி பதில் கொண்டுவந்தான். "சும்மா குடுக்க முடியாதுன்னுட்டாங்கண்ணே. போன தடவ ஒருத்தன் ஒரு நாளைக்குன்னு வாங்கிட்டுக் கெளந்தான் பக்கமே ஓடிட்டானாம். பதிலுக்கு வேற கார்டு வச்சா குடுக்கலாமாம்."

வேறு கார்டுக்கு எங்கே போவது? சரோஜா கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, டிரங்குப் பெட்டியிலிருந்து குடியுரிமைக்காரியான அவளுடைய நீலக் கார்டை எடுத்து நீட்டினார்.

காளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் வெளுத்தது. "இது வேணாம்ணே."

"ஏன்டா? அசல் நீலக் கார்டு!"

"இத வச்சிக்கிட்டு மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"கார்டுன்னு சொல்லு! மொகத்தப் பாத்தா கடன் குடுக்குறான் ஒங்க மொதலாளி?"

காளி அரைமனதோடு வாங்கினான். சிவப்பு கார்டு கைக்கு வந்தது. செல்லையா அன்று விசிலடித்துக்கொண்டே குளித்தார். நடுவில் இருப்பது பலகைச் சுவர், எனக்குக் கேட்காமல் எப்படிப் போகும்?

விசில் சோற்றுத்தட்டு வரைக்கும்தான் நீடித்தது.

"ஆபீஸ் கிராணி சொன்னாரு, பொண்டாட்டி நீலக் கார்டுன்னா கூட்டிட்டுப் போறது நல்லதாம்" என்றாள் சரோஜா. "நானும் வர்றேன்."

"வேணாம்லா! பஸ்ல ஒனக்கு வாந்தி வரும்."

"வந்தா வருது." எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி கவிழ்ந்தது, பாய் உதறப்பட்டது, சாமி படம்கூட இறங்கியது. "என் ஐசியக் காணோம்! எவனோ உள்ள பூந்துருக்கான். விடிஞ்சதும் போலீஸ்ல சொல்லணும்."

செல்லையா உருட்டிய சோற்றைத் தட்டிலேயே போட்டார். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும். ஞாயித்துக்கெழம வரைக்கும் தேடிப் பாப்போம்."

"எலிக்கு எதுக்கு ஐசி? அதுவும் குடியுரிமைக்குப் போகுதா?"

சனிக்கிழமை காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்தபோது செல்லையாவுக்கு வயிற்றுவலி. பஸ்ஸில் மட்டும் அந்த வலி தெரியவில்லை. அரிசித் தகரத்துக்குள் சரோஜா புதைத்து வைத்திருந்த அட்டிகையை மடியில் கட்டிக்கொண்டு தானா ராத்தா அடகுக் கடைக்குப் போனார். கடனை மொத்தமாகக் கட்டி, அவள் கார்டை மீட்டுவிடலாம் என்று கணக்கு.

கடைக்காரர் அட்டிகையைக் கல்லில் உரசினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். "தங்கம் இல்ல. கில்ட்டு."

"எங்க மாமனார் போட்டது!"

"அப்ப மாமனாரப் போய்க் கேளு."

தங்கத்தைத் திருடிக் கில்ட்டை வைத்தது யார்? வீட்டில் கேட்கலாம்தான். 'நீ ஏன் எடுத்தே' என்று அவள் திருப்பிக் கேட்டால்? ஒரு திருட்டைக் கேட்கப் போய் இரண்டு திருட்டில் மாட்டிக்கொள்வார். அட்டிகை அரிசிக்குள்ளேயே திரும்பிப் போனது.

கடைசியில் தொழிற்சங்கக் கருப்பையாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். கருப்பையா சத்தமாகப் பேசுகிறவர், மறைவாகச் சொன்னதையும் சத்தமாகத்தான் கேட்பார்.

"அடுத்தவன் ஐசிய ஈடு வாங்குறதே சட்டப்படி தப்புய்யா! நூறக் குடுத்து இருநூறுன்னு எழுதுறது அதவிடத் தப்பு! நீ மட்டும்னு நெனைக்கிறியா? வா, கூப்புடு எல்லாரையும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை பைப்படியில் ஆம்பளைகள் கூடினார்கள். முதலில் ஒருவர் 'என்னுதும் அங்கதான்' என்று முனகினார். பிறகு ஒருவர், பிறகு வரிசையாக. மாப்பிள்ளை முறுக்கோடு திரிந்தவன் எல்லாம் கார்டில்லாதவன். தான் ஒருத்தன்தான் முட்டாள் என்று ஒவ்வொருவனும் நினைத்திருக்கிறான். செல்லையாவுக்கு வந்ததே ஒரு வீரம்! காளி வீட்டைப் பார்த்து முதல் ஆளாக நடந்தார். பெண்கள் நாங்கள் பின்னால் போனோம், வேடிக்கைக்கு.

காளி பிஸ்கட் தகரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"கார்டெல்லாம் குடு! குடுக்கலேன்னா இப்பவே போலீஸ்!"

"குடுத்துடுவேண்ணே. மொதலாளி ஒரு வார்த்த சொல்லாம..."

"அப்ப நட, ஒங்க மொதலாளிகிட்ட!"

"வேணாம்ணே. நல்லா இருக்காது." காளிக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க ஒரு சத்தியம் வாங்குனீங்க, அவங்க ஒரு சத்தியம் வாங்குனாங்க. ரெண்டையும் காப்பாத்திக் காப்பாத்தி எனக்கு வயித்துல புண்ணு."

"நடடா!"

நடந்தான். டவுனுக்குப் போகும் லாரி ரோட்டுப் பக்கம் திரும்புவான் என்று பார்த்தோம், திரும்பவில்லை. கோயிலைத் தாண்டினான், சாமான் கடையைத் தாண்டினான். செல்லையாவின் குரல் அவனுக்கு முன்னால் போனது. "ஊரான் ரத்தத்த உறிஞ்சித் தையல் மெஷினும் தங்கமுமா வாங்கிக் குவிச்சிருப்பான்! மொகத்தக் காட்டட்டும்! இனிமே வட்டி நாங்க சொல்றதுதான்! தாள்ல எழுதுறது வாங்குன தொகைதான்! கார்டுல கை வச்சா கைய ஒடிப்பேன்!"

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

எங்கள் லயத்தில், என் வீட்டுக்கு அடுத்த வாசலில் காளி நின்றான்.

"எங்க ஊட்டுல எதுக்குடா நிக்கிற? தண்ணி வேணுமா?" என்றார் செல்லையா.

காளி செருப்பைக் கழற்றினான். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது.

"சரோஜாக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. மொதலாளியப் பாக்காமப் போகமாட்டேன்னு அண்ணன் நிக்கிறாரு."