அச்சொட்டாய்க் கடைச் சுவை

வெள்ளவத்தையில் குடியிருக்கும் சவுந்தரநாயகத்தாருக்கு அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாக்குச் சும்மா இருக்கவில்லை.

"உம்மட சில்லி சிக்கன் பரவாயில்லை. ஆனா கடைச் சுவை வரேல்லை," என்றார், ஏழாவது துண்டை எடுத்தபடி.

மனைவி றஞ்சிதம் கோபிக்கவில்லை. அதுதான் பயங்கரம்.

"அப்ப நாளைக்கு நீங்கள் செய்யுங்கோவன். கடைச் சுவை வந்தால் ஒரு மாசத்துக்கு நீங்கள் சந்தைக்குப் போகத் தேவையில்லை. வராட்டில் ஒரு மாசம் சமையல் உங்கட பொறுப்பு."

அவர் வாங்கிவரும் கத்தரிக்காயில் எப்போதும் புழு இருக்கும். அந்தப் புழுவுக்கும் அவரே விளக்கம் சொல்ல வேண்டும். உடனே ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலை றஞ்சிதம் தெஹிவளையில் தமக்கையைப் பார்க்கப் போனாள். அவள் பஸ் ஏறியிருப்பாள் என்று நிச்சயமானதும் இவர் காலி வீதி என்ற பெரிய தெருவுக்கு இறங்கி, கடையொன்றில் இரண்டு பார்சல் சில்லி சிக்கன் வாங்கி வந்தார்.

உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சிக்கனைத் தாச்சிச் சட்டியில் கொட்டினார். வெங்காயத் தோலை மேசையெங்கும் பரப்பினார். சோயா சோஸை அடுப்பில் இரண்டு சொட்டு, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் நாலு சொட்டு தெளித்தார். முகத்தில் தண்ணீர் தடவி வியர்வையும் வரவழைத்துக்கொண்டார். சிக்கன் சிக்கலில்லாமல் முடிந்தது.

மத்தியானம் வந்த றஞ்சிதம் ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"அச்சொட்டாய்க் கடைச் சுவை."

சவுந்தரநாயகத்தார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பொரிச்சே போட்டனீங்கள்?"

"ஓம், ரெண்டு தரம்."

"ரெண்டு தரமோ?"

"முதல் சின்ன நெருப்பில. பிறகு பெரிய நெருப்பில. அதிலதான் சூட்சுமம். நெருப்பின்ர குணம் தெரிய வேணும், றஞ்சிதம். உம்மட சமையலில அதுதான் குறை."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"முக்கால் மணித்தியாலம். அடுப்படியில நிண்டு நானும் வெந்து போனன்."

"பாவம்," என்றாள் றஞ்சிதம். கடைசித் துண்டையும் ஆறுதலாகச் சாப்பிட்டாள். கை கழுவினாள். துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"பின்னேரம் ஒரு காஸ் சிலிண்டர் எடுத்துக்கொண்டு வாங்கோ. காலமை தேத்தண்ணி வைக்கேக்கையே முடிஞ்சு போச்சு. நாளையில இருந்து நீங்கள் சமைக்க வேணுமெல்லோ."