ஐஸ்பெட்டி அண்ணனும் பத்து வருஷ விதியும்

உலகத்தில் யார் ‘முடியாது’ என்று சொன்னாலும், ஐஸ்பெட்டி அண்ணன் காதில் அது ‘நாளைக்கு வாங்க’ என்றுதான் விழும். மறுநாள் போவார். ஒரு புது யோசனையோடு போவார். காரைக்காலில் கதவு வைத்த எல்லா அலுவலகங்களுக்கும் இது தெரியும்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவருடைய ரேஷன் கார்டில் ஒருமுறை பார்த்தேன், மறந்துவிட்டது. கோட்டுச்சேரிமேட்டுக்காரர். துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, தன் வண்டியிலேயே கும்பகோணம், தஞ்சாவூர் என்று கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர். முழங்கால் வலி வந்து தொழிலை விட்டதும் எங்கள் தெருவில் என் வீட்டுக்கு எதிர்வீட்டை வாங்கிக் குடிவந்தார். வண்டியும் வந்தது. அவர் வாசலில் மின்கம்பம் இருந்ததால் வண்டி என் வாசலில் நின்றது.

“அண்ணே, என் கேட்டு பாதிதான் திறக்குது” என்றேன்.

அவர் கேட்டைப் பார்த்தார். பிறகு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “நீங்க ஒல்லிதானே தம்பி” என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு சின்ன லாரியின் முகம். பின்னால் ஜன்னல் இல்லாத பெரிய பெட்டி. பெட்டியின் சுவருக்குள் கனமாகத் தெர்மாகோல். மே மாத வெயிலிலும் உள்ளே ஐஸ் உருகாது. இருபது வயது தாண்டிய வண்டி. அண்ணன் அதைப் புளி போட்டுக் கழுவினார், சீயக்காய் போட்டுக் கழுவினார், சாம்பிராணி போட்டார். மனிதர்களுக்கு வாடை போய்விட்டது. பூனைகள் நம்பவில்லை. தெருவின் மொத்தப் பூனைகளும் அதன் அடியில்தான் குடியிருந்தன.

இந்த வண்டி வீடாக மாறியதற்குக் காரணம் அண்ணி. அண்ணன் தொழிலை விட்ட பிறகும் அண்ணி துறைமுகத்துக்குப் போய் ஒரு கூடை மீன் ஏலம் எடுத்து வழக்கமான சில இடங்களுக்குக் கொடுத்து வந்தார். அதில் ஒன்று, வடக்கே கடற்கரைச் சவுக்குத் தோப்பில் புதிதாக வந்திருந்த கேரவன் பார்க். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டிகளில் வெளியூர்க்காரர்கள் வந்து நிறுத்தித் தங்கிவிட்டுப் போகும் இடம். அதன் சமையலறைப் பின்வாசலில் மீன் கொடுத்துவிட்டுத் திரும்பிய அண்ணி, ஒருநாள் எங்களிடம் சொன்னார்.

“ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும். அவங்க வண்டிப் படியில உக்காந்திருக்காங்க. இன்னும் பல்லுகூட வெளக்கல. ஒருத்தரு தட்டுல டீ கொண்டாந்து குடுத்துட்டு, வேற ஏதாவது வேணுமா மேடம்னு கேக்குறாரு.”

கூடையை இறக்கி வைத்தார்.

“இருட்டோட எந்திரிச்சு எந்திரிச்சு, டீன்னாலே நாமதான் போடணும்னு ஆயிப்போச்சு. ஒருநாளு அந்த மாதிரி உக்காந்து பாக்கணும்.”

அண்ணி எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. அண்ணனும் கண்டதில்லை போல. வாசலை எட்டிப் பார்த்தார்.

“வண்டி நம்மகிட்டயும் இருக்குல்ல” என்றார்.

அங்கே கூடாரம் வாடகைக்கு உண்டு, அதில் தங்கலாமே என்று நான் சொன்னேன். “சொந்த வண்டிய வாசல்ல நிறுத்திட்டு வாடகைக் கூடாரத்துல படுக்குறதா?” என்றார். நின்றது என் வாசல் என்பதை நான் நினைவூட்டவில்லை.

தச்சர் வந்தார். மீன் பெட்டி அடுக்கிய இடத்தில் இரண்டு கட்டில்களும் ஒரு சின்ன அடுப்பும் வந்தன. பக்கத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டினார்கள். ஐஸ் தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றித் தடுப்பு வைத்ததும் அது குளியலறை ஆயிற்று. வேலை முடிந்த அன்று மதியம், சோதனைக்காகக் கணவனும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து என் போன் அடித்தது.

“தம்பி, ஒண்ணும் அவசரமில்ல. சாப்டாச்சா?”

“ஆச்சுண்ணே.”

“அப்ப கொஞ்சம் வெளியில வந்து தாழ்ப்பாளத் தொறந்து விடுங்க.”

கதவைச் சாத்தினால் வெளித்தாழ்ப்பாள் தானாக விழும். அதைத் திறக்க உள்ளே கைப்பிடி கிடையாது. மீனுக்கு வெளியே வர வேண்டிய வேலை இல்லை என்பதால் செய்தவர்கள் வைக்கவில்லை. நான் திறந்தபோது அண்ணி இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே வீட்டுக்குள் போனார். அண்ணன் மட்டும், “ரெண்டு பேருக்கும் நல்ல தூக்கம்” என்றார். மறுநாள் உள்ளே ஒரு கயிறு வந்தது. இழுத்தால் தாழ்ப்பாள் தூக்கிக்கொள்ளும்.

பிறகு கேரவன் பார்க்குக்குப் போனோம். முன்சீட்டில் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அண்ணி சேலையில் இஸ்திரிக் கோடு தெரிந்தது. வாசலில் ஒரு பலகை: பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அதன் கீழே மேனேஜர், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு சென்னைத் தம்பி.

“சாரி சார். பழைய வண்டின்னா எண்ணெய் ஒழுகும். ரிப்பேராகி இங்கேயே நின்னுட்டா எடுக்க முடியாது. பக்கத்துல இருக்கறவங்களுக்குப் பாக்கவும் நல்லாருக்காது.”

“எண்ணெய் ஒழுகாது தம்பி. அடியில படுத்துப் பாருங்க.”

மேனேஜர் படுக்கவில்லை. அண்ணன் படுத்தார். வெள்ளை வேட்டியோடு ஒரு பக்கம் உள்ளே போய் மறு பக்கம் வெளியே வந்து, எழுந்து, முதுகைத் திருப்பிக் காட்டினார். மணலும் பூனை முடியும் ஒட்டியிருந்தன. எண்ணெய் இல்லை.

“சார், ரூல் அப்படி.”

“இந்தா பாருங்க எஃப்.சி. வண்டி ரோட்டுல ஓடலாம்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துருக்கு. ஓடலாங்கிறான் அவன். நிக்கக்கூடாதுங்கிறீங்க நீங்க. ஓடுற வண்டிக்கு நிக்கத் தெரியாதா?”

தலைமை அலுவலகத்துக்கு வண்டியின் படம் அனுப்பினால் பரிசீலிப்பார்கள் என்று சொல்லி மேனேஜர் தப்பித்தார். திரும்பும் வழியில் அண்ணி முதல்முறையாக வாய் திறந்தார்.

“நீங்க பேசிப் பேசித்தான் கெடுக்குறீங்க.”

படம் எடுத்தது நான். துருப்பிடித்த மூலையை விட்டுவிடச் சொன்னார் அண்ணன். பத்திரிகைக்குப் படம் எடுத்துப் பழகிய கை, இருப்பதை இருப்பதாகத்தான் எடுக்கும் என்றேன். அந்த மூலையில் அண்ணியை நிற்க வைத்தார். முன்பக்கம், பின்பக்கம், உள்ளே, எல்லாக் கோணத்திலும் எடுத்தேன். எல்லாப் படத்திலும் பூனை விழுந்திருந்தது. தலைமை அலுவலகம் மறுத்து எழுதியது. கூடவே, செல்லப்பிராணி ஒன்றுக்கு மேல் அனுமதி இல்லை என்றும் எழுதியிருந்தது.

அண்ணன் துவளவில்லை. ஃபைபர் படகுக்கு அடிக்கும் பெயிண்டை வண்டிக்கு அடித்தார். உடம்பு நீலம், விளிம்பு மஞ்சள். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எங்களையும் ஏற்றிக்கொண்டு அப்படியே மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“எங்க ஊருல போட்டுக்கு வயசு செஞ்ச நாள்லேருந்து கிடையாது தம்பி. பழுது பாத்து, பூச போட்டு, திரும்ப எறக்குன நாள்லேருந்துதான். அப்படிப் பாத்தா இது நேத்துப் பொறந்த வண்டி.”

“ஆர்.சி. புக்குல அப்படி இல்லையே சார்.”

இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று நான் பிறகு விசாரித்தேன். உண்டு என்று உறுதியாகச் சொன்னவர் ஒருவர்தான். அவர் அண்ணியின் கூடப்பிறந்தவர்.

அன்று பேச்சு நீண்டது. மேனேஜர் நின்றபடி தலையாட்டினார். அண்ணன் ஆரம்பத்திலிருந்து மறுபடி சொன்னார். வெயில் தாங்காமல் அண்ணி கேட்டுக்கு உள்ளே புல்வெளியில் இருந்த ஒரு மரப் படகின் நிழலில் போய் உட்கார்ந்தார். விருந்தினர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக வைத்திருந்த படகு. அண்ணி அதன் விளிம்பைத் தடவினார். எழுந்து மறுபக்கம் போனார். குனிந்து பார்த்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

“தம்பி, இந்த வள்ளம் எங்க அண்ணனோடது.”

“அப்படியாம்மா? கோட்டுச்சேரிமேட்டுலதான் வாங்குனதா சொன்னாங்க.”

“இதுக்கு வயசு எத்தினி தெரியுமா? என் கல்யாணத்துக்கு முன்னாடி கட்டுனது.”

“அது டிஸ்ப்ளேம்மா. பழசா இருந்தாத்தான் அழகு.”

“அப்ப எங்க வண்டியையும் டிஸ்ப்ளேல வைங்க.”

இதைச் சொல்லிவிட்டு அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறைமுகத்தில் அண்ணி ஏலம் எடுப்பதை நான் செய்திக்காகப் போனபோது பார்த்திருக்கிறேன். ஒரு விலை சொல்வார். பிறகு இப்படித்தான் முகம் துடைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பார். அதற்குப் பிறகு யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் இறங்கி வர வேண்டியதுதான். மேனேஜர் ஏலம் பார்த்தவர் இல்லை. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அண்ணனுக்குப் பேச்சு தொண்டை வரை வந்துவிட்டது. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாழ்க்கையில் மிகக் கடினமாக உழைத்தது அந்த ஒரு நிமிடம்தான் என்று நினைக்கிறேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வண்டிக்கு அடியில் ஒரு பூனை கத்தியது. அது கணக்கில் சேராது.

“ஒரு நைட்டுதானேம்மா?” என்றார் மேனேஜர்.

படகுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. விதி மீறப்படவில்லை. அது தங்க வந்த வண்டி இல்லை, காட்சிப் பொருள். மேனேஜர் ஒரு அட்டையில், ‘பழைய மீன் வண்டி. ஏற வேண்டாம்’ என்று எழுதி மாட்டினார். அண்ணனும் அண்ணியும் பகல் முழுவதும் அதன் உள்ளேயும் வெளியேயுமாக இருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். அண்ணன் குளியலறை ஓட்டையை விளக்கினார். கயிறு இழுத்துக் காட்டினார். மதியம் கரண்ட் போனது. புத்தம் புது கேரவன்கள் வெயிலில் கொதித்தன. ஏற வேண்டாம் என்ற அட்டையின் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். உள்ளே ஐஸ்பெட்டிக் குளிர்ச்சியில் பெங்களூர்க் குடும்பம் ஒன்று சீட்டு விளையாடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நடந்ததை அண்ணி சொல்லித்தான் அறிவேன்.

நாலு மணிக்கே முழிப்பு வந்துவிட்டது அவருக்கு. எழுந்தால் கை சும்மா இருக்காது, அடுப்பைப் பற்ற வைத்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தார். விடிந்தது. டீ தள்ளுவண்டி ஒவ்வொரு கேரவனாக வரும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்தது. நிற்காமல் போனது. அண்ணன் வெளியே பாய்ந்தார்.

“என்னங்க, நம்ம வண்டிய விட்டுட்டுப் போறீங்க?”

“கேரவன்காரங்களுக்குத்தாங்க டீ. டிஸ்ப்ளேக்குக் கெடையாதுங்க.”

“டிஸ்ப்ளேக்குக் கேக்கல. டிஸ்ப்ளே உள்ள ஒரு அம்மா இருக்காங்க.”

எவ்வளவு நேரம் பேசினார் என்று தெரியாது. கடைசியில் டீக்காரர் களைத்துப்போய், “இந்தாங்க, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க” என்றார்.

“நான் கொண்டுபோய்க் குடுத்தா அது வீட்டு டீ ஆயிரும். தட்டுல வச்சு நீங்கதான் குடுக்கணும்.”

இந்த இடத்தில் அண்ணி கதையை நிறுத்தி என்னைப் பார்த்தார். “வீட்டுல என்னிக்குக் கொண்டாந்து குடுத்தாராம்?”

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அண்ணி உடனே எழவில்லை. இரண்டாவது தடவை தட்டட்டும் என்று காத்திருந்தார். பிறகு, “யாரு?” என்று கேட்டு, நிதானமாகக் கயிற்றை இழுத்து, படியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். வேறு ஏதாவது வேணுமா மேடம் என்று டீக்காரர் கேட்டாரா என்றேன். கேட்டாராம். பக்கத்தில் நின்று அண்ணன், கேளுங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தாராம்.

“டீ எப்படி அண்ணி இருந்துச்சு?”

“சர்க்கரை பத்தல. ஆறியும் போச்சு.” கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். “முழுசா குடிச்சேன்.”

இப்போது தெற்கே ஒரு இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார் அண்ணன். அங்கே எட்டு வருஷத்துக்கு மேல் ஆன வண்டிகளை விடுவதில்லையாம். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நேற்று விடியற்காலையில் இருவரும் கிளம்பிப் போனார்கள்.

வண்டி நின்ற இடத்தில் பூனைகள் வெயிலில் உட்கார்ந்திருக்கின்றன. என் கேட் முழுதாகத் திறக்கிறது. நேற்று கடைக்குப் போய்த் திரும்பியபோதும் ஒருக்களித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.