மொட்டை வாத்தியார் கம்பெடுக்க மாட்டார்

மனிதர்களில் அழகாக அடிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அடிப்பவர்கள் என்றதும் நீங்கள் பயந்து நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டியதில்லை. நிஜத்தில் இவர்கள் யாரையும் அடித்ததில்லை. கன்னத்தில் உட்கார்ந்த கொசுவைக்கூட, கை எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று இவர்கள் யோசித்து முடிப்பதற்குள், அது குடித்துவிட்டுப் போய்விடும்.

எங்கே பார்க்கலாம் இவர்களை? எங்கேயும் பார்க்கலாம். கேரம் போர்டில் சிவப்புக் காய் குழியின் வாயிலேயே உட்கார்ந்திருக்கும். ஊதினால் விழும். நம்மவர் ஊதமாட்டார். எதிர்ச்சுவரில் மோதி, பக்கச்சுவரில் மோதி, போர்டு முழுக்க ஊர்வலம் வந்து அதைத் தள்ளப் பார்ப்பார்; ஸ்ட்ரைக்கர் தானே குழிக்குள் போகும். கடற்கரைப் பக்கம் சாயங்காலம் பெத்தாங் என்கிற குண்டு விளையாட்டு ஆடும் பெரியவர்களைக் கவனியுங்கள். இரும்புக் குண்டைத் தரையோடு உருட்டினால் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் போய்ச் சமர்த்தாக நிற்கும். அவர்களில் ஒருவர் மட்டும் அதை மாதா கோயில் மணிக்கூண்டு உயரத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, அது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல், தன் கை நின்ற நிலையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான்.

இந்த இனத்தின் உத்தமமான உதாரணம் நெல்லித்தோப்பில் இருக்கிறார். பெயர் ராஜவேல். இந்தக் கதை நடந்தபோது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். ராஜவேல் ஒரு சேலையை விரித்துக் காட்டுவதைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டை ஒரு சுண்டு. ஆறு கஜமும் காற்றில் அலையாக எழுந்து, ஒரு கணம் நின்று, வாடிக்கையாளரின் மடியருகே முந்தானை வந்து இறங்கும். பெண்கள் வாய் திறந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்து மேசையில், சேலையை மூட்டையாக முன்னால் தள்ளி இந்தா எடுத்துக்கோ என்கிற பையனிடம் வாங்கிக்கொண்டு போவார்கள். ராஜவேலுக்கு அதில் வருத்தமே கிடையாது. விரித்தது நன்றாக விரிந்ததல்லவா?

இவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டாயிரத்து ஆறில் நெல்லித்தோப்பில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் என்றால், அது ஒரு ஆளுக்குச் சமம். அதற்குத் தனி மேசை, பூப்போட்ட துணியில் தைத்த உறை, உருளும் நாற்காலி. ராஜவேலும் தம்பி முகிலனும் சேர்ந்து வாங்கியது. ராஜவேலின் மனைவி சந்திரகலா பகலெல்லாம் அதில் டைப் அடித்தாள். கோரிமேட்டில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்து தருவார்கள். சந்திரகலா அதை ஈரலும் மண்ணீரலும் இடம் மாறாமல் அடித்துக் கொடுப்பாள். வீட்டில் அவளுடைய ஒரே சொந்த வேலை அதுதான். சாயங்காலம் பெட்டி ஆண்கள் கைக்குப் போய்விடும். அவர்கள் அதில் சண்டை போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கின சண்டை விளையாட்டு சிடி. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடலாம். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். ஆவேசத்தில் எல்லா விரலும் சேர்ந்து அழுத்தினால் பெட்டி கீயென்று கத்தி ஆட்சேபிக்கும். விளையாட்டில் பலவிதமான வீரர்கள். அதில் தலையை மழித்து, தொளதொள சட்டை போட்ட குங்ஃபூ ஆசாமி ஒருவர். ராஜவேல் அவருக்கு மொட்டை வாத்தியார் என்று பெயர் வைத்து, அவரைத் தவிர வேறு யாரையும் தொடமாட்டார்.

இங்கேதான் விஷயம் வருகிறது. மொட்டை வாத்தியார் வெறுங்கையோடு சண்டை போட்டால் கண்கொள்ளாது. ஒற்றைக்காலில் நின்று சுழல்வார். சுழலும்போது சட்டைக் கை தனியாக ஒரு சுற்று சுற்றிப் பிறகு அடங்கும். உதைத்த காலை உடனே கீழே வைக்காமல், யோசித்து வைப்பார். ஆனால் அவர் கையில் ஒரு கம்பைக் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. இரும்புத்தடி வைத்திருக்கிற தடியனும் வாள் வைத்திருக்கிற இளவரசியும் எந்த மூன்று வீச்சு வீசுகிறார்களோ, அதே மூன்று வீச்சு. கம்பு அவர் தொடைக்குள்ளே புகுந்து மறுபக்கம் வரும். முதுகில் செருகினால் கயிறும் இல்லாமல் கொக்கியும் இல்லாமல் பல்லிபோல ஒட்டிக்கொள்ளும்.

"காலு வரைஞ்சவன் வேற, கம்பு வரைஞ்சவன் வேற" என்பார் ராஜவேல். "கம்பு வரைஞ்சவன் மத்தியானம் சாப்டுட்டு வந்து வரைஞ்சிருக்கான்."

ஆனால் ஒரு கம்படி நாலு உதைக்குச் சமம். தலைக்கு மேலே இருக்கும் உயிர்க்கோடு கம்பு பட்டால் கடகடவென்று சரியும். அதனால் புத்தியுள்ளவர்கள் எல்லாரும் கம்பைத்தான் எடுப்பார்கள். முகிலன் எடுப்பான். அவன் மனைவி ஹேமலதா, வேலை முடிந்து வந்து கைப்பையைக்கூட இறக்காமல், எடுப்பாள். அவள் கோரிமேட்டுப் பக்கம் ஒரு லேபில் ரத்தம் சோதிக்கிறவள். ஊசி நரம்பில் ஏறினால் போதும், ஏறிய விதத்தைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

ராஜவேல் எடுக்கமாட்டார். அதுமட்டுமா? ஆட்டம் தொடங்கியதும் எதிரியைக் கும்பிடுவதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது. உலகத்தில் யாரும் அதை அழுத்தியதில்லை. ராஜவேல் ஒவ்வொரு தடவையும் அழுத்துவார். வாத்தியார் குனிந்து, கை கூப்பி, மெதுவாக நிமிர்வார். நிமிர்வதற்குள் ஹேமலதாவின் கம்பு மண்டையில் இறங்கியிருக்கும்.

"கும்புடுறவன அடிக்கலாமா ஹேமா?"

"நிக்கும்போதுதான மாமா வசதியா இருக்கு."

இப்படி ஒற்றுமையாக அடித்துக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு பிரச்சினை வந்தது. லேபுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவது கஷ்டம் என்று முகிலனும் ஹேமலதாவும் கோரிமேட்டில் வீடு பார்த்தார்கள். சாமான்களைப் பிரிப்பதில் தகராறே இல்லை. கிரைண்டர் இவர்களுக்கு, பீரோ அவர்களுக்கு, கட்டில் யார் வேண்டுமானாலும். கம்ப்யூட்டரில் வந்து நின்றது. மானிட்டர் உங்களுக்கு, சிபியூ எங்களுக்கு என்று முகிலன் சொன்ன யோசனைக்கு அவனே சிரித்துக்கொண்டான். ஹேமலதாவுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு பெரிய லேபுக்குப் போக ஆசை. சந்திரகலாவுக்கோ, பாதி அடித்த கல்லீரல் கட்டுரை ஒன்று அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டி போனால் கட்டுரை மட்டுமல்ல, கட்டுரை கொண்டுவருகிற பிள்ளைகளும் போய்விடுவார்கள். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது. நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் குடும்பங்கள் என்ன செய்யும்? விளையாட்டாக ஏதாவது சொல்லி வைக்கும்.

"சண்ட போட்டுப் பாத்துடலாம்ணே. மூணு ஆட்டம். ஜெயிச்சவங்களுக்குப் பெட்டி" என்றான் முகிலன்.

சொன்னவன் விளையாட்டாகச் சொன்னான். கேட்ட ஹேமலதா விளையாட்டாகக் கேட்கவில்லை. அவள் உடனே ஒரு நிபந்தனை சேர்த்தாள். இது வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள ஆட்டம். எந்த வீட்டில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் கீபோர்டில் கை வைக்கலாம். தன் புருஷனைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ராஜவேல் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். சந்திரகலா அடுக்களையில் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்பார்களா என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம். இரண்டு பக்கமும் மொட்டை வாத்தியார்தான். ராஜவேலின் வாத்தியாருக்குக் காவி, எதிர் வாத்தியாருக்கு நீலம். முதல் ஆட்டத்தில் முகிலன் உட்கார்ந்தான். கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவனைக் காவி வாத்தியார் தாவிக் கடந்து, பின்னால் இறங்கி, திரும்பாமலே உதைத்தார். முகிலனே தன்னை மறந்து, "சூப்பர்ணே" என்றான். தோற்றான். ஹேமலதா அவனைத் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டாவது ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. அதில் பாதி நேரம் ராஜவேல் கும்பிட்டார், மீதி நேரம் விழுந்து கிடந்தார்.

மூன்றாவது ஆட்டத்துக்குள் சத்தம் கேட்டு சந்திரகலா மாவுக் கையோடு வந்து கதவோரம் நின்றுவிட்டாள். எதற்காக, என்ன நிபந்தனையோடு ஆடுகிறார்கள் என்று முகிலன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. திரையில் தெரிந்த இரண்டு மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் கல்லீரல் எந்த மொட்டையை நம்பி இருக்கிறது என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ராஜவேல் அன்று ஆடியதுபோல் என்றுமே ஆடவில்லை. அடி வாங்கினார், உண்மைதான். அவருடைய உயிர்க்கோடு நூல்போல ஆகிவிட்டது. ஆனால் வாங்கிக்கொண்டே சுழன்று, சுழற்சியின் கடைசியில் காலை மேலே வீசி, நீல வாத்தியாரின் கையிலிருந்த கம்பையே உதைத்துத் தள்ளினார். கம்பு பறந்துபோய்க் காவி வாத்தியாரின் காலடியில் விழுந்தது. ஹேமலதாவின் கோடும் மெலிந்துதான் இருந்தது. அவளுக்குக் கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையில் அவளுக்கு ஒரு உதைகூடத் தெரியாது. குனிந்து கம்பை எடுக்க ஒரு பொத்தான். அடிக்க ஒரு பொத்தான். தீர்ந்தது விஷயம்.

ராஜவேல் விரலை நிறுத்தினார்.

"எடுங்க" என்றாள் சந்திரகலா.

"வேணாம்."

"கீழதான கெடக்கு, எடுங்களேன்."

"எடுத்தா நடையே மாறிடும் கலா. இப்ப எப்படி நிக்கிறான் பாரு."

வாத்தியார் நன்றாகத்தான் நின்றார். ஒரு கை நெஞ்சருகே, ஒரு கை முன்னால், சட்டை காற்றில் ஆட, சிற்பம்போல நின்றார். அந்த அழகான நிலையிலிருந்து தாவி அடிக்கிற அடிதான் முடிவாக இருக்க வேண்டும் என்று ராஜவேல் தூரத்தை அளந்துகொண்டிருந்தார். ஹேமலதா சும்மா இருப்பாளா? அவள் நீல வாத்தியாரைக் கம்பை நோக்கி நடத்திக்கொண்டு வந்தாள். இன்னும் கொஞ்சம் வந்தால் அவளே எடுத்துவிடுவாள்.

சந்திரகலா யோசிக்கவில்லை. புருஷன் உட்கார்ந்திருந்த நாற்காலியை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினாள். உருளும் நாற்காலி அல்லவா, ராஜவேல் விரல்கள் காற்றில் ஆடியபடி பீரோ வரைக்கும் போய் நின்றார். மாவுக் கையால் அவள் எடுக்கிற பொத்தானை அழுத்தினாள். பகலெல்லாம் அந்தக் கீபோர்டிலேயே வாழ்கிறவள். சாயங்காலங்களில் பார்த்துப் பார்த்தே எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியும், எழுத்து எங்கே இருக்கிறதென்று பார்க்கவும் வேண்டியதில்லை. பிறகு அடிக்கிற பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள். பெட்டி கீயென்று கத்தியது. நீல வாத்தியார் விழுந்து, விழுந்த பிறகும் இரண்டு அடி வாங்கினார்.

"அக்கா, நீங்க எப்படி நடுவுல..." என்று ஆரம்பித்தாள் ஹேமலதா.

"யாரு வேணா எப்ப வேணா கை வைக்கலாம்னு நீதான சொன்னியாம்."

ஹேமலதா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். தன் கம்பாலேயே அடி வாங்கியவளுக்கு வேறு என்ன வழி? பெட்டி நெல்லித்தோப்பிலேயே தங்குவதாக முடிவாயிற்று. ஹேமலதா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சந்திரகலாவிடமே டைப் அடிக்கக் கற்றுக்கொள்வதாகவும் பேச்சாயிற்று. யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

ஆனால் அந்த விளையாட்டில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கடைசி அடியை அது மெதுவாக்கி, எல்லாருக்கும் மறுபடி காட்டும். நாலு பேரும் பார்த்தார்கள். காவி வாத்தியார் கம்பைத் துடைப்பம்போல் பிடித்திருந்தார். கம்பு அவர் தொடை வழியாகப் போய்வந்தது. அதே வீச்சு, அதே வீச்சு, மறுபடி அதே வீச்சு. பீரோவுக்குப் பக்கத்திலிருந்து ராஜவேல் ஒரு பெருமூச்சு விட்டார். ஜெயித்ததற்கு அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. துக்க வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்போல இருந்தார்.

"பெட்டி இருக்கு இல்ல, அப்புறம் என்னா?" என்றாள் சந்திரகலா.

"இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல."

நீங்கள் இத்தோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். ஒரு பக்கம் அழகாக அடிப்பவர், மறுபக்கம் காரியத்தைப் பார்க்கும் அவர் மனைவி. மனைவி ஜெயித்தாள், கட்டுரை பிழைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹேமலதா டைப் பழக வந்தாள். பாடம் முடிந்து, டீ குடித்து, ஊர்ப்பேச்சு பேசி, அவள் செருப்பை மாட்டும்போது சந்திரகலா கேட்டாள்.

"அன்னிக்கு நான் அடிச்சது பாக்கத் துணி தொவைக்கிற மாதிரி இருந்துச்சு, இல்ல?"

"ஆமாங்கா. கல்லுல போட்டுத் தொவச்ச மாதிரி."

சந்திரகலா, இந்த வாரம் மத்தியானங்களில் வேலைக்கு நடுவே அந்த ஒற்றைக்கால் சுற்றைக் கொஞ்சம் பழகியிருப்பதாகவும், காலை எடுத்த உடனே அடுத்த பொத்தானை அழுத்தக் கூடாது என்பதுதான் சூட்சுமம் என்றும் சொன்னாள். "இன்னொரு ஆட்டம் ஆடுவமா? கம்பில்லாம, கையாலயே."

ஹேமலதா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "பெட்டிய வச்சுதான?"

உள்ளே கல்லீரல் முடிந்து சிறுநீரகம் பாதியில் இருந்தது. சந்திரகலா உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவளோ திரும்பித் திரையைப் பார்த்தாள். அங்கே காவி வாத்தியார் வெறுங்கையோடு, சட்டை ஆட, கும்பிடத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

வெளியே போய்விட்டு வந்த ராஜவேல்தான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். அதுவும் எப்படி? "வேணாம் கலா. உனக்கு இன்னும் சட்டைக் கை சரியா சுத்தல" என்று சொல்லி.

இப்போது உங்களிடம் வருகிறேன். கம்பு காலடியில் கிடந்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள்? எடுத்துத் தொலையேன் மனுஷா என்றா? நல்லது, நீங்கள் தப்பித்தீர்கள். உங்கள் வீட்டில் சாமான்கள் பத்திரமாக இருக்கும். அல்லது, அந்த இடத்திலிருந்து தாவி அடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நொடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தீர்களா? சட்டைக் கை சுற்றி அடங்கும் வரை காத்திருந்தீர்களா? அப்படியானால் கூச்சப்படாமல் வாருங்கள். மேசைக்கு முன்னால் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உருளும் நாற்காலி; பின்னால் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்து உட்காருங்கள்.