மீன் பிடிக்கக் குரல் எதற்கு?

சனிக்கிழமை முடியும்வரை தனக்குக் குரலே கிடையாது என்று டேரில் முடிவு செய்தான். வியாழக்கிழமை மாலை, சாலைத் துறை லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில் எடுத்த முடிவு. ஆண்பிள்ளைகளின் பெரிய முடிவுகள் எல்லாம் ஸ்டியரிங்குக்கு முன்னால்தான் எடுக்கப்படுகின்றன. வீட்டுக்குள் நுழைந்ததும் அவை என்ன ஆகின்றன என்பது வேறு விஷயம்.

அவன் மனைவி ரோண்டா பகலில் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் பயிற்சி உதவியாளர். 'ர' வராத பிள்ளைகளுக்கு 'ர' வரவழைப்பவள். மாலையில் அவளே மாணவி. பேச்சு சிகிச்சையில் முதுகலைப் பட்டம், ஆன்லைனில். மூன்று வருஷமாகச் சாப்பாட்டு மேஜைதான் அவளுடைய பல்கலைக்கழகம். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ரப்பரில் செய்த குரல்வளை ஒன்று நின்றது. டேரில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு சிங்க் ஓரம் நின்று சாப்பிடப் பழகிவிட்டான். அதுகூடப் பரவாயில்லை. பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்று அவனையே பிடித்து உட்கார வைத்துவிடுவாள். நாக்கை நீட்டு. கன்னத்தை ஊது. 'ப-ட-க, ப-ட-க' என்று வேகமாகச் சொல்லு. அவன் பிஸ்கட்டை விழுங்கும்போது தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, "நல்லா விழுங்கறே!" என்பாள். ஐம்பதை நெருங்கும் வயதில், விழுங்கியதற்குப் பாராட்டு வாங்கிய ஆண் அந்த ஊரிலேயே அவன் ஒருவன்தான்.

இப்போது கடைசிச் செய்முறைத் தேர்வு. கேமரா வழியாகப் பேராசிரியை பார்க்க, ஆளை உட்கார வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும். சனிக்கிழமை காலை. அதுவும் மே மாதத்தின் அந்தச் சனிக்கிழமை! மினசோட்டா முழுக்க வால்ஐ மீன் பிடிக்கும் பருவம் தொடங்கும் நாள். அன்றைக்கு முகூர்த்தம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். டேரில் ஒரு வருஷம்கூட அந்த நாளைத் தவறவிட்டதில்லை.

குரல் போய்விட்டால் ரோண்டாவுக்கு அவன் உதவமாட்டான். மீன் பிடிக்கவோ குரல் தேவையே இல்லை. எவ்வளவு சுத்தமான திட்டம்!

"ரோண்டா..." என்று வாசலிலேயே காற்றாக ஊதினான்.

"என்ன ஆச்சு?"

"குரல் போச்சு. தார்ப் புகை."

"ஐயோ பாவம். எங்கே, ஒரு தடவை இருமு பார்ப்போம்."

நோயாளி என்றால் நன்றாக இரும வேண்டாமா? டேரில் தன் திறமை முழுவதையும் காட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

"ம்ம்," என்றாள் ரோண்டா. அந்த 'ம்ம்' அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"சனிக்கிழமை உனக்கு நான் பிரயோஜனப்பட மாட்டேன்," என்று ஊதினான். "கிளின்ட்டோட ஏரிக்காவது போயிட்டு வரேன். அந்தக் காத்து தொண்டைக்கு நல்லது."

"பிரயோஜனப்பட மாட்டியா? நீ எனக்குப் புதையல்டா! பரீட்சையில ரெண்டு கேஸ். முதல்ல குரல் கெட்டவங்க, அப்புறம் குரல் நல்லா இருக்கறவங்க. கெட்ட குரலுக்கு சர்ச்சுல பாடற அம்மா வர்றதா இருந்தது. பாவி மனுஷிக்குக் குணமாயிடுச்சு. தலையில கை வெச்சு உட்கார்ந்திருந்தேன், நீ வந்து நிக்கறே!"

டேரிலுக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. "அப்போ, நல்ல குரலுக்கு?"

"அதுக்கு ஆள் வந்துடும். நீ இனிமே வாயைத் திறக்காதே. குசுகுசுன்னு பேசறது இன்னும் கெடுதல். எழுதியும் காட்டாதே. எழுதும்போது தொண்டை தன்னால வேலை செய்யும்."

கடைசியாகச் சொன்னது எந்தப் பாடத்திலும் இல்லை என்று அவனுக்கு யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை அவள் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். "ஜூலை முழுக்க இங்கேயே இரும்மா. டேரில் மறுபேச்சுப் பேசலை." டேரில் தலையைப் பலமாக ஆட்டி மறுத்தான். "இல்லம்மா, அது கழுத்துப் பயிற்சி. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

சாயங்காலம் அவனுடைய மீன்பிடிக் கூட்டாளி கிளின்ட் வந்தான். "கிளின்ட், டேரிலால வர முடியாது. நாளைக்குக் காலையில அவன் படகை நீ எடுத்துட்டுப் போவியாம். புது மோட்டாரும்தான்."

"நிஜமாவா? டேய், உனக்கு எவ்வளவு பெரிய மனசு!"

டேரிலின் கண்ணில் நீர் கோத்தது. "பாரு, குடுக்கறதுல எவ்வளவு சந்தோஷப்படறான்," என்றாள் ரோண்டா.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் திரையில் பேராசிரியை ஹால்வர்சன் தோன்றினார். சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களில் சக மாணவிகள். ரோண்டா தன் குறிப்புத் தாள்களை மறுபடி மறுபடி அடுக்கினாள். மூன்று வருஷ உழைப்பு. அதைப் பார்த்தபோது டேரிலுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அப்புறம் ஏரி ஞாபகம் வந்தது. பாவம் குறைந்தது.

"இவருக்கு வியாழக்கிழமை சாயங்காலத்திலேர்ந்து குரல் இல்லை, டாக்டர். ஆனா இருமல்ல குரல் கணீர்னு வருது. நிஜமாவே குரல் போனவங்களுக்கு இருமலும் காத்தாத்தான் வரும். அதனால தொண்டையில பழுது எதுவும் இல்லை."

டேரிலுக்கு வியர்த்தது. இந்த இருமல் இவ்வளவு பெரிய துரோகியா?

"அப்படின்னா காரணம் எங்கே இருக்கு?" என்று கேட்டார் பேராசிரியை.

"ஏரியில இருக்கு, டாக்டர்."

திரையில் நாலைந்து பேர் சிரிப்பை அடக்கினார்கள். "சிகிச்சை?"

"இதோ," என்று ரோண்டா ரப்பர் குரல்வளையை நகர்த்தினாள். அதன் பின்னால் கட்டைவிரல் பருமனில் ஓர் அடைப்பான் இருந்தது. டேரிலின் படகில் தண்ணீர் வடியும் துளையை மூடும் அடைப்பான்! ரோட்டில் இழுத்துப் போகும்போது கழற்றி வைப்பது சட்டம். தண்ணீரில் இறக்கும் முன் மாட்டாவிட்டால் படகு மீனோடு மீனாகிவிடும். கிளின்ட் போன வருஷம் தன் சொந்தப் படகை அப்படித்தான் மூழ்கடித்தான்.

வெளியே கிளின்ட்டின் வண்டி உறுமியது. படகு அதன் பின்னால் நகரத் தொடங்கியது.

டேரில் பல்லைக் கடித்தான். மேஜையின் விளிம்பைப் பிடித்தான். படகு கேட்டைத் தாண்டியது.

"டேய் கிளின்ட்! நிறுத்துடா மடையா! அடைப்பான்! அடைப்பான் இங்கே இருக்குடா!"

நாய் மறுபடி பதில் சொன்னது. திரையில் எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு சீக்கிரம் குரல் திரும்பி நான் பார்த்ததே இல்லை, ரோண்டா. முதல் கேஸ் பாஸ்."

கிளின்ட் ஜன்னலுக்கு ஓடி வந்து அடைப்பானை வாங்கிக்கொண்டான். "காப்பாத்திட்டே! அட, குரல் நல்லாத்தானே இருக்கு?"

"ஆமாண்டா, சரியாயிடுச்சு! இரு, தூண்டிலை எடுத்துட்டு நானும் வரேன்," என்று டேரில் துள்ளி எழுந்தான்.

தோளில் ரோண்டாவின் கை விழுந்தது. "உட்காரு ராஜா. ரெண்டாவது கேஸ். நல்ல குரல்."

டேரில் உட்கார்ந்தான். அவன் படகு தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"ப-ட-க," என்றான்.

"இன்னும் கொஞ்சம் வேகமா," என்றாள் ரோண்டா.