கார்ப்புரேட்டரில் ஐஸ், பக்கத்தில் அப்பா

விமானம் ஓட்டத் தைரியம் வேண்டும் என்பார்கள். எனக்கு அது நிறையவே இருந்தது. அப்பாவை எதிர்த்துப் பேசும் தைரியம்தான் இல்லை.

எழுபதுகளில், எங்கள் வீடு இருந்த ஸ்ரீவராகத்திலிருந்து விமான நிலையத்துக்குச் சைக்கிளில் போய் விமானம் ஓட்டப் பழகினேன். முதல் லைசென்ஸும் வாங்கிவிட்டேன். அதையே தொழிலாக்க மேற்பயிற்சி வேண்டும். அதற்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். கணக்கு வாத்தியாரான அப்பா, "முதல்ல நான் ஏறிப் பாக்கறேன். அப்பறம் சொல்றேன்" என்றுவிட்டார்.

மழை விட்ட ஒரு காலையில், இரண்டே இருக்கை உள்ள விமானத்தில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சங்குமுகம் கடலுக்கு மேலே அவர் தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தமாவது குறையட்டும் என்று இஞ்சின் வேகத்தைக் குறைத்தேன். (பெரிய கரிசனம்!) ஈரக்காற்றில் வேகத்தைக் குறைத்தால் பெட்ரோலில் காற்றைக் கலக்கும் கார்ப்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும், முதலில் அதைச் சூடாக்கும் குமிழை இழு என்று பயிற்சியாளர் நாயர் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஃபேனுக்கடியிலேயே வேர்க்கிற ஊரில் ஐஸாவது என்று மனசுக்குள் சிரித்த மேதாவி நான்.

இஞ்சின் இருமியது. பதறிப்போய்க் குமிழை இழுத்தேன். ஐஸ் உருகித் தண்ணீராக உள்ளே போக, இன்னும் பயங்கரமாகக் குலுங்கியது. கொஞ்சம் பொறுத்திருந்தால் தானே சரியாகியிருக்கும்.

"ஏண்டி, அதை இழுத்தப்பறம்தானே ஜாஸ்தியாறது? உள்ளே தள்ளு!" என்று அப்பா கத்தினார்.

தள்ளினேன். (பத்தொன்பது வருஷப் பழக்கம்.) இஞ்சின் நின்றேவிட்டது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"நின்னுபோச்சுப்பா."

நல்லவேளை, ஓடுபாதை கடற்கரையை ஒட்டியே இருந்தது. மிதந்து வந்து, எப்படியோ இறக்கிவிட்டேன். நாயர் சார் ஓடிவந்து மலையாளத்தில் கத்தினார்.

"ஹீட் இட்டில்லே?"

"இழுத்தேன் சார். அப்பா தள்ளச் சொன்னார்."

"அப்போ ஆரா பைலட்? அச்சனோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கையெழுத்து போயே போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவே படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. "சரின்னு சொல்லும்படி நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று அம்மா அப்பாவிடம் அழுதாள்.

"நான் சொன்னா அவ கேட்டுடுவாடி. அதான் பயமா இருக்கு" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.