தைமஸுக்கு எதிரான ஜெபத்தை நிறுத்தக் கோரி

பாறசாலை

மதிப்பிற்குரிய லீலாபாய் மைனி அவர்களுக்கு, தங்கள் தங்கை ரத்னபாயின் வீட்டுக்காரன் சுந்தரதாஸ் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். பேரன் சானுவும் சுகம். இப்போது அதுதான் சிக்கல். உபவாசம் முடியும்வரை நீங்கள் போனைத் தொடமாட்டீர்கள் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

மைனி, சானுவுக்காகச் செய்யும் ஜெபத்தைத் தயவுசெய்து உடனே நிறுத்துங்கள்.

நடந்ததை முறைப்படி சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்கு இருமல் விடவில்லை என்று நெய்யாற்றின்கரையில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் வருவதற்குள் நான் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். சர்வே இலாகாவில் தலை நரைத்தவன், படத்தைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. இதயத்துக்கு மேலே, வலது பக்கமாக, பாய்மரப் படகு பாய் விரித்த மாதிரி முக்கோணமாய் ஒரு வெள்ளை நிழல். ஸ்கேல் வைத்து அளந்தேன். நெஞ்சின் அகலத்தில் பாதிக்கு மேல் பிடித்திருந்தது. தெளிவான ஆக்கிரமிப்பு. "அப்பா, டாக்டர் வரட்டு, சும்மா இரிங்க" என்றாள் மகள் பிஜி. எனக்கு என் மேல் எப்போதுமே நம்பிக்கை குறைவு, அதனால் இன்னொரு அபிப்பிராயம் கேட்க ரத்னத்தைப் போனில் அழைத்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் கட்டிதான் என்று உறுதி செய்தாள். உடனே உங்களிடமும் சொன்னாள். அந்தக் கட்டி உருகி மறையட்டும் என்று நீங்கள் உபவாசத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் லேகா வந்து, மலையாளத்தில் என்னைத் தாத்தா முறை வைத்துச் சொன்னார். "அப்பூப்பா, இது கட்டியுமில்ல, ஹார்ட் வீங்கினதுமில்ல. தைமஸ்னு ஒரு சுரப்பியாக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரிசாத்தான் இருக்கும். நோயோட மல்லுக்கட்டுத செல்லுகளுக்கு இதுதான் பள்ளிக்கூடம். எது நம்ம ஆளு, எது அந்நியம்னு படிச்சுக் குடுத்து அனுப்பும். வயசாவ ஆவ தானா சுருங்கிப் போவும்."

"எனக்கு?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு அது கொழுப்பாயி ரொம்பக் காலமாச்சு."

பிஜி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டான்.

ஆக, அது ஆக்கிரமிப்பு அல்ல, மைனி, முறையான பட்டாதாரர். காலம் வரும்போது தானே காலி செய்துவிட்டுப் போகிறவரை நீங்கள் ஜெபத்தால் வெளியேற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வேறு யாராவது என்றால் நான் பதறமாட்டேன். ஆனால் போன வருஷம் கன்வென்ஷன் முடியும்வரை மழை வேண்டாமென்று நீங்கள் முழங்காலிட்டீர்கள். பந்தலைப் பிரித்து வெகுநாளாகியும் உங்கள் ஆரியங்கோட்டில் மழை இல்லை, மரச்சீனிக் கிழங்குப் பயிர் வாடிக் கிணறும் வற்றியது. தான் அம்மனுக்கு நேர்ந்த பிறகே தூறியதாக உங்கள் பக்கத்துவீட்டு செல்லசாமி இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஜெபத்தை வாபஸ் வாங்க வழியுண்டா என்று சபைச் செயலாளர் பொன்னுதாஸிடம் விசாரித்தேன். "போட்ட ஜெபத்தத் திரும்ப எடுக்க ரூல் இல்ல, அண்ணே. லீலாபாய் அக்காட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன், எனக்குப் பிள்ளக்குட்டி உண்டு. கடிதம்னா படியில வச்சிட்டு ஓடியாறேன்" என்றார்.

எனவே கஞ்சியும் பயறும் குடித்து உபவாசத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் ஜெபங்களுக்குச் சற்றுத் தாமதமான பதிலையும் அருள்வாராக.

தாழ்மையுள்ள,
சுந்தரதாஸ்

பி.கு.: பொன்னுதாஸ் தைரியம் வராமல் இதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டு இன்று திருப்பித் தந்தார். இதற்கிடையில் சானுவுக்குக் காய்ச்சல் ஏறி, மறுபடியும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, பாலும் குடிக்கிறான். ஆனால் புதிய படத்தில் தைமஸ் சிறுத்திருக்கிறது. "சுகமில்லாம ஆனா அது சுருங்கும், தேறினா பழையபடி வளரும். பேடிக்கண்டா, பயப்படாதீங்க, அப்பூப்பா" என்கிறார் டாக்டர். அவருக்கு உங்களைத் தெரியாது. ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள். உபவாசத்தைத் தொடருங்கள், அது வளரும்படி ஜெபியுங்கள். அளவாக, மைனி.