முப்பத்திரண்டு மேப்பிளும் ஒரு பள்ளிக்கூடமும்

கோல்பிரிட்ஜ், வெர்மான்ட்
மார்ச், முதல் புதன்கிழமை

அன்புத் தங்கை வினிஃப்ரெட்டுக்கு,

உன் அண்ணன் எல்வுட் எழுதிக்கொள்வது. என் முழங்கால் நீங்கலாக நானும் உன் அண்ணி ஹாட்டியும் சுகம். ஃபுளோரிடா வெயிலில் நீ சுகமாக இருப்பாய் என்பது கேட்காமலே தெரியும். ஓடைக்கரையில் அப்பா உன் பேருக்கு எழுதிவைத்த பத்து ஏக்கர் வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஒரு மான் வந்து போகிறது, அவ்வளவுதான். அதைப் பற்றி நீ கவலையே பட வேண்டாம்.

கவலை முழுவதையும் உனக்கும் சேர்த்து நானே பட்டு முடித்துவிட்டேன். நம் வீட்டுக்கு எதிரே உள்ள ஊர்ப் புல்வெளியில் புதுப் பள்ளிக்கூடம் கட்டப்போவதாக அக்டோபரில் ஒரு வரைபடத்தை மாட்டினார்கள். அதில் சாலையோர மேப்பிள் மரங்கள் முப்பத்திரண்டும் நிற்கிற இடத்தில் பஸ் நிறுத்தம் என்று போட்டிருந்தது. ஊரார் அனுமதியோடு நாற்பது வருஷமாக நான் வாளி கட்டிச் சாறு இறக்கிக் கொப்பரையில் பாகு காய்ச்சுகிற மரங்கள் அவை. அவை போனால் என் கொப்பரையைக் கவிழ்த்துவிட்டு நான் சும்மா உட்கார வேண்டியதுதான். உடனே எதிர்ப்புக் குழு அமைத்தேன், பக்கத்து வீட்டு ஆர்வில் செயலாளர், நான் தலைவர். நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள், அத்தனை பேரும் பாகு காய்ச்சுகிறவர்கள். வாசல்களில் நட நாற்பது பலகை எழுதினேன். பனி தள்ளும் வண்டி ஒரே காலையில் அத்தனையையும் புதைத்துவிட்டது. ஊரில் மிஞ்சியது ஒரே பலகை, அது நம் வாசலில் என் பலகை புதைந்த இடத்துக்குப் பக்கத்தில் உன் அண்ணி பிறகு நட்டுவைத்த ‘பள்ளி வேண்டும்’. கேட்டதற்கு அவள், "நீங்க மரத்துல வாளி கட்டுறீங்க, பிள்ளைங்க கூரை ஒழுகுதுன்னு வகுப்புல வாளி வைக்குதுங்க. எந்த வாளி பெருசுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். பள்ளி வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன், இந்த இடம் வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்றேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு மட்டும்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

நேற்று ஊர்க்கூட்டம். ஆறு வாரம் அசையாமல் இருந்த குளிர் நேற்றுக் காலைதான் விடவேண்டுமா? ஊரில் ஒரு மரம் பாக்கியில்லாமல் சாறு இறங்க ஆரம்பித்துவிட்டது. ஆர்வில் போன் செய்து, "தலைவரே, கொப்பரை கொதிக்குது, விட்டுட்டு எப்படி வர்றது? நீங்க போய்ப் பேசுங்க, நாங்க மனசால உங்க கூடத்தான் இருக்கோம்" என்றான். மற்றவர்களும் மனசாலேயே வந்தார்கள். நான் என் அடுப்பைக் கண்ணீரோடு அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் மண்டபம் முழுக்கப் பள்ளிக்கூடப் பெற்றோர், அவர்கள் நடுவில் உன் அண்ணி. என் பக்கம் நானும், காது கேட்காத பாதிரியாரும். மரங்கள் போய்விட்டன என்றே முடிவு செய்துவிட்டேன்.

நல்லவேளையாக ஓட்டுக்கு முன்னால் மதியச் சாப்பாடு வந்தது. இந்த வருஷம் சமையல் பெற்றோர் சங்கத்தாருடையது, கோழி ஸ்டூவும் ஆப்பிள் கேக்கும். அந்தச் செய்தி எப்படிப் போனதோ, பன்னிரண்டு மணிக்கு ஆர்வில் தலைமையில் புகை நாற்றத்தோடு என் ஆட்கள் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். கொள்கைக்கு வராதவர்கள் கோழிக்கு வந்தார்கள். கூட்டத் தலைவர் மெர்ரில் பெற்ற தாய்க்காகக்கூட ஒரு நிமிஷம் காத்திருக்கமாட்டார் என்று உனக்குத் தெரியும். ஒரு மணிக்குச் சுத்தியலைத் தட்டினார், எழுந்து நிற்கச் சொன்னார், எண்ணினார். வேண்டும் முப்பத்தொன்பது, வேண்டாம் நாற்பத்திரண்டு. தாய்மார்கள் பன்னிரண்டு பேர் கீழே சமையலறையில் இருந்தார்கள். சோப்பு நுரை வழியும் கையோடு அவர்கள் படியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சங்கத் தலைவி டெனிஸ், மூன்று பிள்ளைகளின் தாய், நேராக என்னிடம் வந்தாள். கத்தவில்லை.

"உங்க தட்டைத்தான் கழுவிக்கிட்டு இருந்தேன், எல்வுட்" என்றாள்.

ஸ்டூ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, வாளி நிரம்பி வழியுமே என்று வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். மனசு கொஞ்சம் உறுத்தியது, மறைக்கவில்லை. ஆனாலும் அடுப்பைப் பற்றவைத்து, முதல் ஆவி மேலே போனதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். மரங்கள் பிழைத்தன, நானும் பிழைத்தேன். யார் நிலத்திலும் யாரும் கை வைக்காமல் நீயும் உன் பூனைகளும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் எல்வுட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அண்ணி மூன்று வாரத்தில் முதல் முறையாகப் பேசினாள். நான் ஓடிவந்த பிறகு, பள்ளிக்கு வேறு இடம் தேட ஒரு குழு போட்டார்களாம். கூட்டத்தில் இல்லாதவன் தலையில் கட்டுவது ஊர் வழக்கம்தானே? ஹாட்டி என்னைத் தலைவராக முன்மொழிய, டெனிஸ் வழிமொழிய, என் நாற்பது பேரும் அடுப்பு நினைப்பில் கையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இன்று மத்தியானமே குழு நம் சமையலறையில் கூடியது. டெனிஸ் மிச்ச கேக்கைக் கொண்டுவந்தாள், வகுப்பில் இப்போது ஒன்பது வாளி என்றாள். நான் கேக்கைத் தள்ளிவைத்துவிட்டு ஊர் வரைபடத்தை விரித்தேன். சமதரை, சாலையோரம், ஒரு மேப்பிள்கூட இல்லாத இடம் என்று தேடினால் ஊரிலேயே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பத்து ஏக்கர், ஓடைக்கரையில். வரும்போது கம்பளிக் கோட்டு எடுத்து வா. மானிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ கையெழுத்தை மட்டும் போடு.